பட்டெடுத்த புழு

— உள்ள வா அந்தோணியம்மா. ஏன் வாசல்லயே நின்னுகினுகீற?

— இங்கயே நிக்கறேங்க மொதலியாரே. போன மாசம் இதே வாசல்ல வெச்சிதான், உங்க பட்டுக் கொட்டாய்ல கூடு அவிக்கற அத்தினி பொம்பளைங்க முன்னாடி என்னத் திருடின்னு சொல்லித் தொரத்துனீங்க.

— கொட்டாய்ப் புழுவ மடியில கட்டிகினு போனா வேற என்னன்னு சொல்றது?

— நூலு எடுத்த பிற்பாடு அந்தப் புழுவ ஓடையிலதான கொட்டுவீங்க? ஊரே மூக்கப் புடிச்சிகினு போவும். அத்த எடுத்தாந்து என் கோழிங்களுக்குத் தீனி ஆக்குனேன். நாத்தத்தத் திருடுனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— சரி சரி, பேஜார் பண்ணாத. நானும் எரநூறு கோழி வாங்கி வுட்டேன். அதே புழுவதான் அள்ளி அள்ளிப் போட்டேன்.

— போட்டு?

— கழிச்சல் கண்டு சாவுது. பாதிதான் மிச்சம். வேலூர்ல தொரமாருங்களுக்கு முட்ட அனுப்பறேன்னு வாக்குக் குடுத்துட்டு முழிச்சிகினு இருக்கறேன். பக்குவத்தச் சொல்லு. கொட்டாய்க்கே உன்ன மேஸ்திரி ஆக்கிடறேன்.

— மாட்டேங்க.

— ஆரணியில ஒருத்தனும் உனக்கு வேல குடுக்காத மாதிரி பண்ணிடுவேன், தெரியுமா?

— தாது வருசப் பஞ்சத்துல, உங்க நைனா கொட்டாய் நடத்துன காலத்துல, கம்பும் இல்ல, கேவுரும் இல்ல. சந்தவாசல் பக்கம் சனம் கெழங்கு தோண்டித் தின்னுச்சி. என் வூட்டுக்காரரையும் பெரிய புள்ளையையும் பொதச்சிட்டு, மிச்ச ரெண்டையும் இந்தப் புழு தின்ன கோழி முட்டையாலதான் உசுரோட நிறுத்துனேன். எனக்கும் மூணு வாட்டி கோழி செத்துச்சி. நாலாவது வாட்டிதான் சூட்சுமம் புரிஞ்சிது. என்னையா மெரட்டறீங்க?

— மெரட்டலம்மா. எனக்கு மட்டும் சொல்லு. வேற ஒரு வூட்டுக்கும் இது போவக்கூடாது.

— அது ஆவாதுங்க. கொட்டாய்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். தறிக்காரத் தெருவுக்கும் சொல்லிட்டேன். மாதா கோயிலுக்கு வர்ற சனத்துக்கும் சொல்லிட்டேன்.

— பொய்! ஒவ்வொருத்தியா கூப்ட்டுக் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியல.

— தெரியலயா, சொல்லலயா?

— அபிதகுசாம்பா! ஏ, இங்க வா. இவ திமிரக் கேட்டியா?

— கதவாண்ட நின்னு கேட்டுகினுதாங்க இருந்தேன்.

— அம்மா, நீங்களே உங்க வூட்டுக்காரருக்குச் சொல்லிடுங்க. பாவம், கோழிங்க என்ன பண்ணுச்சி?

— சொல்லிடட்டுமா அந்தோணி? சரி, நீயே சொல்லச் சொன்னதாலதான் சொல்றேன். ஏங்க, புழுவ வெயில்ல மொறமொறன்னு காய வெச்சி, செக்குல ஆட்டி எண்ணெய எடுத்துடணும். அந்த எண்ணெ கெட்டு சிக்கு வாட புடிச்சிதான் கோழிக்கு ஆவாம போவுது. மிச்சம் நிக்கற பிண்ணாக்க இடிச்சி, ஒரு படிக்குப் பத்துப் படி தவிடு கலந்து போடணும்.

— உனக்கு... உனக்கு எப்படிடீ தெரியும்?

— ஊருக்கே தெரியுங்க.

— நூறு கோழி கண்ணு முன்னாடி செத்து உழுந்துச்சே! வாயத் தொறக்காமயா பாத்துகினு இருந்த?

— இவகிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கறவரைக்கும் உங்க காதுல போடறதில்லன்னு பொம்பளைங்க எல்லாம் சேந்து சத்தியம் பண்ணோங்க. மொதல்ல கைய நீட்டுனவ நான்தான்.