‘செட் ஆயிடுச்சா?’ என்று நான் கேட்டது பற்றி

எலும்பு முறிவு வார்டு பதினொன்றாம் கட்டிலில் படுத்தபடி நான் சொல்ல, காவல் நிலைய எழுத்தர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் தாளின் தலைப்பில் கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. வயது ஐம்பத்தெட்டு. தொழில் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அடியில் பலகை அடித்து முட்டுக் கொடுத்து நிறுத்துவதும், அது இறுகிய பிறகு பிரித்தெடுப்பதும். கட்டத்தில் உள்ள பெயரைச் சொல்லி வேலையிடத்தில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘முட்டு’ என்று கேட்டால் உடனே காட்டுவார்கள். தற்போது நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் கொத்தனாருக்குப் பெயர் ‘பூச்சு’. இரண்டு பெயரும் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒரே நாளில் வைக்கப்பட்டவை.

கடந்த புதன்கிழமை, பதினேழாம் தேதி, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் போர்டிகோ தளம் என்மேல் இடிந்து விழுந்தது. அன்று மாலையே பூச்சு தானாக நிலையத்துக்கு வந்து, முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது தான்தான் என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது பொய். பெயர்தான் பூச்சே தவிர அவனுக்கு எதையும் பூசி மெழுகத் தெரியாது. வாழ்நாளில் முதல் தடவையாக இப்போது பூசியிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம் உறுதி செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணின் தகப்பன் லாக்கப்பில் இருந்தால் வந்த வேகத்தில் திரும்பிவிடுவார்கள். இன்று வெள்ளிக்கிழமை. ஆகையால் நாளைக்குப் பேசலாம் என்று டாக்டர் சொன்னதையும் கேளாமல் நானே ஆள் அனுப்பி எழுத்தரை வரவழைத்தேன்.

போர்டிகோ விழுந்ததிலிருந்து ஆரம்பிக்கும்படி எழுத்தர் சொன்னார். அது அங்கே ஆரம்பிக்கவில்லை என்று நான் சொன்னேன். முன்விரோதம் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். விரோதத்தைச் சொல்ல வேண்டுமானால் சிநேகிதத்தை முதலில் சொல்ல வேண்டும் என்றேன். அவர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

நானும் பூச்சும் பயிற்சிப் பள்ளியில் ஒரே செட். நான் தச்சுப் பிரிவு, அவன் கொத்துப் பிரிவு. எங்கள் வாத்தியார் கான்கிரீட்டின் ஓரத்தில் ஆணியை அழுத்திப் பார்த்து, “செட் ஆயிடுச்சு” என்பார். ஆணி இறங்கினால், “இன்னும் ஆகல” என்பார். பூச்சுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதான். ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரையே ஓட்டினான். அடுப்பில் வைத்தது கெட்டியானால் செட். கடிகாரத்தில் மணி திருத்தினால் செட். செருப்பு காலைக் கடிக்காமலிருந்தால் செட். புது மேஸ்திரியோடு ஒத்துப் போனால், “செட் ஆயிட்டான்டா” என்பான்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் தையல் கடைக்கு மேலே இருந்த அறையில் ஆறு வருடம் குடியிருந்தோம். ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ், ஒரு ரேடியோ செட். மழை நாட்களில் வேலை இருக்காது, சீட்டு விளையாடுவோம். அவன் ஒரு செட்டுக்காகக் கடைசி வரை ஒரே சீட்டை எதிர்பார்த்துத் தோற்பான், தோற்றதும் “உன் கையிலதான் இருந்துச்சா, திருட்டுப் பயலே” என்று சிரிப்பான். எங்களுக்கு நல்ல உடுப்பு என்று இருந்தது ஒரே ஒரு செட், சாம்பல் நிற பேண்ட்டும் கோடு போட்ட சட்டையும். அவன் நெட்டை, நான் குட்டை. கீழே இருந்த தையல்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அளவு எடுத்துத் தைத்தார், ஆகவே அது இரண்டு பேருக்குமே சேரவில்லை. அவனுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும், எனக்கு மடித்து ஊசி குத்த வேண்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் பெண் பார்க்கப் போனான். நான்கு மாதம் கழித்து அதையே போட்டுக்கொண்டு நான் போனேன். கல்யாணமான புதிதில் என் மனைவி அவன் வீட்டுச் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து, “இந்தச் சட்டைய எங்கயோ பார்த்திருக்கேனே” என்றாள். நாங்கள் இருவரும் வாசலுக்கு ஓடி வந்து சிரித்தோம். அந்த நாட்களைப் போல எனக்கு அப்புறம் நாட்கள் வாய்க்கவில்லை, அதை மறைப்பானேன்.

அதன் பிறகு முப்பது வருடம் எந்த வேலை எடுத்தாலும் சேர்ந்துதான் எடுத்தோம். நான் முட்டுக் கொடுப்பேன், அவன் கொட்டுவான், பிரிக்கும் நாளில் நான் அவனிடம் “செட் ஆயிடுச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்பேன். அவன் ஆணியை வைத்து அழுத்திவிட்டு, நாட்களையும் எண்ணிச் சொல்லுவான். அவன் ஆகிவிட்டது என்று சொன்ன எதுவும் இடிந்ததில்லை. அவன் சொல்லாமல் நான் எதையும் பிரித்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் என் மனைவி தவறியபோது பதினாறு நாள் என் வீட்டுக் கூடத்திலேயே படுத்துக்கிடந்தான். ரேடியோவை மட்டும் மெல்லப் போட்டு வைத்திருந்தான்.

எழுத்தர் மறுபடியும் விரோதம் எங்கே என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கு அவன் மகளைக் கேட்டேன். என் மனைவி போகும்போது சொல்லிவிட்டுப் போன ஆசை அது. பூச்சு மகளிடம் கேட்டுவிட்டு மறுநாள் வந்தான். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்று, “செட் ஆகாதுங்கறாடா. அவளுக்கு அவன் அண்ணன் மாதிரியாம். நான் என்னடா பண்ணட்டும்?” என்றான்.

பெண் சொன்னதில் தப்பில்லை. என் மகன் அன்றைக்கே சிரித்து மறந்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. செருப்புக்கும் சீட்டுக்கும் சொன்ன அதே வார்த்தையை, என் மனைவியின் ஆசைக்கும் சொல்லிவிட்டானே என்று இருந்தது. அவனிடம் வேறு வார்த்தை கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபித்துக்கொண்டேன். அதன் பிறகு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். மூன்று தடவையும் உள்ளே உட்கார்ந்துகொண்டே நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். என் செருப்பு வாசலில் கிடந்தது. அவன் அதைப் பார்த்திருப்பான்.

அதன் பிறகு நடந்தது இது. போர்டிகோவுக்கு இந்த மாதம் இரண்டாம் தேதி கான்கிரீட் கொட்டுவதாக இருந்தது. நான் முதல் தேதியே முட்டுகளை நிறுத்திவிட்டு வேறு ஓர் இடத்து வேலைக்குப் போனேன். சிமென்ட் வரத் தாமதமாகி, பதினொன்றாம் தேதிதான் கொட்டியிருக்கிறார்கள். பழைய காலமாக இருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும், ஒரு நாளைக்கு நாலு தடவை பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். இப்போது தெரியவில்லை. பதினேழாம் தேதி காலை போய்ப் பார்த்தேன். என் கணக்கில் பிரிக்கப் போதுமான பதினைந்து நாள் ஆகியிருந்தது, உண்மையில் ஆனது ஆறு நாள். அங்கே இருந்த இரண்டு பேரும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பூச்சு வரவில்லை. மகள் விஷயமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தான் என்பதும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதே எனக்குத் தெரியாது.

பத்தே முக்கால் மணிக்கு அவனுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது. நான் நலம் விசாரிக்கவில்லை. எடுத்ததும், “செட் ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்டேன். “ஆயிடுச்சுடா. நல்லா செட் ஆயிடுச்சு” என்றான். பல் செட் மாட்டியதிலிருந்து அந்த வார்த்தை வரும்போது அவனுக்குச் சின்னதாக விசில் வரும், அதுவும் கேட்டது. அதற்கு மேல், “நீ கேட்டியே, அது போதும்டா...” என்று ஏதோ ஆரம்பித்தான். வேலைப் பேச்சு முடிந்துவிட்டதால் நான் போனை வைத்துவிட்டேன். பிரிக்கலாம் என்று அவன் சொல்லவில்லை. கான்கிரீட் என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த இரண்டு பேரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நானே முட்டுகளைத் தட்ட ஆரம்பித்தேன். பன்னிரண்டில் ஒன்பதை எடுக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. பத்தாவதைத் தட்டியபோது மேலே பலகை முனகியது. வெளியே ஓடப் பார்த்தேன். வலது காலும் வலது கையும் மாட்டிக்கொண்டன. வேறு யாருக்கும் அடியில்லை.

மறுநாள், அதாவது நேற்று, பூச்சின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாங்கி வந்த பழத்தை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். “அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குப் போன்ல நீங்க எதக் கேட்டீங்க?”

“கான்கிரீட்டத்தாம்மா கேட்டேன்” என்றேன்.

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். “அப்ப சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றாள். அதன் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

“பேசி முடிஞ்சு, ரெண்டு பக்கமும் சரின்னு சொன்ன நேரம் உங்க போன் வந்துச்சுண்ணே. பேசிட்டு எல்லார் முன்னாடியும் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. ‘முட்டு கேட்டுட்டாண்டி, எம்பொண்ணுக்கு செட் ஆயிடுச்சான்னு கேட்டுட்டான்’னாரு. யாருன்னு அவங்க கேட்டதுக்கு, பொண்ணோட பெரியப்பான்னு சொன்னாரு. வர்ற வழியெல்லாம் அதே பேச்சு. சாயங்காலம் இடிஞ்ச தகவல் வந்துச்சு. அப்படியே நின்னுட்டாரு. ‘அவன் அதக் கேக்கலடி’ன்னாரு. அவ்வளவுதான், செருப்பக்கூட மாட்டாம ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு.”

முட்டு என்று பெயர் வைத்துக்கொண்டு சிநேகிதனுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று அதிகாரிகள் நினைக்க வேண்டாம். என் போனில் அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறது, பத்தொன்பது வினாடி. மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால் அவன் என்ன சொன்னான், எதைப் பற்றிச் சொன்னான் என்று அவர்களும் சொல்லுவார்கள். நான் கேட்ட கேள்விக்கு அவன் பதிலே சொல்லவில்லை. இரண்டு வருடமாக நான் கேட்காத கேள்விக்குத்தான் பதில் சொன்னான். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காமலும், ஆணி வைத்து அழுத்திப் பார்க்காமலும் பிரித்தது நான். குற்றம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது. அதற்கு உள்ள தண்டனையை வாங்கிக்கொள்கிறேன்.

அவனை இன்றே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விட்டால் நேராக இங்கேதான் வருவான், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை யார், என்ன வேலை பார்க்கிறான், பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இதுவரை எழுதியதை எழுத்தர் இரண்டு தடவை உரக்கப் படித்தார், நான் முழு நினைவோடு கேட்டேன். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒருவருக்கும் பயப்படாமல் நான் சொன்ன உண்மை இது. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)