அப்பாவுக்குக் கட்டிய சாப்பாடு

மாலை ஏழரை மணி. ஆயர் ஈத்தாம் சந்தையைத் தாண்டி, அணைக்கட்டுக்கு ஏறும் மலைப்பாதை. மழை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எதிரே ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வெளிச்சம் இல்லை... அந்தப் பாதையில் ஸ்ரீகரன் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனான். பக்கத்து சீட்டில் வாழையிலை போட்டு மூடிய ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் செத்துப்போன அப்பாவுக்குச் சாப்பாடு.

கிட்ட வந்து உட்காருங்கள். இருப்பது ஒரே மெழுகுவர்த்தி, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. டேய் டெரிக், அந்தக் கோழிக்காலை முதலில் கீழே வை. வையப்பா! தின்றுகொண்டே கேட்கிற கதை இல்லை இது. நம் ஷேரனோடு வேலை செய்கிற பிரியந்தி இருக்கிறாளே, அவள் கணவனுக்கு நடந்தது. போன வருடம்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

ஸ்ரீகரனின் அப்பா நாகநாதன், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிரீன் லேன் பக்கம் வீடு. மனிதருக்குக் குடி இல்லை, சூதாட்டம் இல்லை. நாக்கு மட்டும் நீளம். சனிக்கிழமை ஆனால் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வாரம் சோற்றில் கறிக்குழம்பைக் கலந்து ஊற்றும் நாசி கண்டார் கடையில் வெயிலில் வரிசை. அடுத்த வாரம் ரோட்டோரத்தில் வறுத்துத் தரும் சார் குவே தியாவ் நூடுல்ஸ், புகைக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி. எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் அவரைப் பழைய பங்களா ஒன்றில் நடக்கும் பெரிய ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போனான். மடியில் துணி விரித்துவிட்டு, ஏழெட்டுத் தட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் இடம் அது. அங்கே வந்த வாத்துக்கறியைத் தின்றுவிட்டு மனிதர் கண் கலங்கினார் என்றால் பாருங்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவுக்குத் தேறியது, தொண்டை தேறவில்லை. விழுங்க முடியாது. மூக்கில் குழாய், குழாயில் பால். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தார். ஸ்ரீகரன் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால், "கையைக் காட்டு" என்று சைகை காட்டுவார். மகனின் விரல்களைப் பிடித்து மோந்து பார்ப்பார். எந்தக் கடை என்று கண்டுபிடித்துவிட்டால் சிரிப்பார். பசியோடேயேதான் செத்துப்போனார் பாவம்.

யாழ்ப்பாணத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. எட்டுச் செலவு என்பார்கள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் படைப்பார்கள். அதில் அவர் பங்கை எடுத்துக்கொண்டு போய், இருட்டும் நேரத்தில் ஒரு முச்சந்தியில் வைக்க வேண்டும். வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வைக்கும்வரை அவன் வாயில் பருக்கை படக்கூடாது.

"அப்பாவுக்குப் பிடிச்சது எல்லாம் கடைச் சாப்பாடுதானேம்மா. நானே போயி வாங்கிட்டு வந்துடறேன்" என்றான் ஸ்ரீகரன்.

சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவன் அம்மா ஞானாம்பிகை மட்டும் தலையாட்டினார். "ஓம், வாங்கிக்கொண்டு வா. என்ர சமையலை அவர் எப்ப விரும்பினவர்? ஆனா படைக்கிறது நான்தான்."

பகல் முழுக்க அலைந்தான். ஆட்டுக்கறி ஒரு கடை, மீன் தலை இன்னொரு கடை, சார் குவே தியாவ் ஒரு தள்ளுவண்டி. அந்தப் பங்களா ரெஸ்டாரண்டில் வீட்டுக்குக் கொண்டுபோகத் தாப்பாவ் கட்டித் தரும் பழக்கமே கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி வாத்தையும் வாங்கிவிட்டான். அம்மா ஒவ்வொன்றையும் தன் கையாலேயே இலையில் வைத்து, அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டு, பங்கைக் கட்டிக் கொடுத்தார்.

ஊருக்குள் இருக்கும் சந்திகளில் வைத்தால் லாரி ஏறிவிடும். அதனால்தான் அணைக்கட்டுப் பாதைக்குப் போனான். ஆயர் ஈத்தாம் சந்தையில் ஜாம். மழையில் வண்டி நகரவே இல்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தான். வெறும் வயிறு... உள்ளே வறுத்த மிளகும் வாத்துக் கொழுப்பும் மணக்கிற மணம். வாயில் எச்சில் ஊறியது. நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. ரேடியோவைப் போட்டான். அணைத்தான்.

மலைப்பாதை ஏறியதும் காரை ஓரம் கட்டினான். இலையை நகர்த்தினான். ஒரே ஒரு துண்டு. அப்பா கோபிக்க மாட்டார்... அவர் தட்டிலிருந்து எத்தனை தடவை எடுத்துத் தின்றிருப்போம். ஒரு துண்டு வாத்து வாய்க்குள் போனது. அதற்குப் பிறகு அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பெட்டிக்குள் எலும்பும் மீன் முள்ளும்தான் கிடந்தன.

அடப்பாவி என்கிறீர்களா? அவனும் தன்னை அதைத்தான் சொல்லிக்கொண்டான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் எலும்போடு அந்த இலையை வைத்தான். மழை அதன் மேல் கொட்டியது. திரும்பிப் பார்க்காமல் வந்தான். அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்தான்.

வாசலிலேயே அம்மா நின்றார். "வைச்சிட்டியோ?"

"வெச்சிட்டேன்மா."

"அப்பாடா..." என்று அம்மா கதவில் சாய்ந்துகொண்டார். "இண்டைக்கு அந்த மனுசன்ர வயிறு நிறைஞ்சிருக்கும்." கணவர் படுத்ததிலிருந்து தூக்கமில்லாமல் கிடந்தவர், அன்றைக்குத்தான் அசந்து தூங்கினார். ஸ்ரீகரன் சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினான். வாத்துக் கொழுப்பின் வாசம் விரலை விட்டுப் போகவே இல்லை.

மறுநாளிலிருந்து அவனுக்கு வயிறு நிறையவில்லை. நாசி கண்டார் கடையில் இரண்டு தட்டு சாப்பிடுவான். எழுந்து கை கழுவும்போதே பசிக்கும். தோசைக் கடை, மீ நூடுல்ஸ் கடை... எங்கே போனாலும் அதே கதை. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே வந்தான்.

பாவம், அவனுக்கு ஒரு யோசனை. அப்பா கண் கலங்கிய அந்தப் பங்களா ரெஸ்டாரண்டுக்கே போய் அவரை நினைத்துச் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று. சாவு விழுந்த துடக்கு வீட்டுக்காரர்கள் அப்படியெல்லாம் போகக் கூடாது. அம்மாவிடம் சொல்லாமல் பிரியந்தியைக் கூட்டிக்கொண்டு போனான். மூன்று பேருக்கு மேசை சொன்னான். ஹைருல் என்று ஒரு பையன் பரிமாறினான். வாத்து வந்தது. காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தட்டு. "சாப்பிடுங்கப்பா" என்று வாய்க்குள்ளேயே சொன்னான்.

உங்களுக்குத்தான் தெரியுமே, நாசி கண்டார் கடையில் தட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. இந்த மாதிரி இடங்களில் கரண்டி வைக்கிற சத்தம்கூடக் கேட்கும். அவ்வளவு அமைதி.

ஸ்ரீகரன் ஒரு வாய் விழுங்கினான்.

...க்ளக்.

இன்னொரு வாய். விழுங்கினான். கொஞ்சம் தாமதித்து, காய்ந்த தொண்டையில் ஒன்றும் இல்லாமல் விழுங்குகிற மாதிரி... க்ளக்.

பிரியந்தி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க... ஏன் ஒவ்வொரு வாய்க்கும் ரெண்டு தடவ முழுங்குறீங்க?"

அவன் ஒரு தடவைதான் விழுங்கினான்.

எதிர்த் தட்டில் வாத்து வைத்தது வைத்தபடியே ஆறிப்போயிருந்தது. அதை எடுக்க வந்த ஹைருல் காலி நாற்காலியைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, தட்டைத் தொடாமலே திரும்பிப் போய்விட்டான்.

அன்றைக்கே காருக்குள் உட்கார்ந்து குருக்களுக்குப் போன் போட்டான். யாரோ கூட்டாளிக்காகக் கேட்கிற மாதிரிதான். எட்டுச் செலவில் வைக்கிற பங்கு போனவருக்குப் போய்ச் சேராமல் போனால் என்ன செய்வது சாமி?

"யார் கையால படைச்சது?"

"போனவரோட சம்சாரம் கையால."

"அப்ப அந்த அம்மா கையால, அவர் பேர் சொல்லி, மறுபடியும் படைக்கணும். வேற யார் வெச்சாலும் அவரால தொட முடியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியிறதுக்குள்ள செஞ்சிடச் சொல்லுங்க. அப்புறம் அவர் இங்க இருக்க மாட்டாரு. பசியோட இருந்தா, பசியோடவே போயிடுவாரு."

அப்படியென்றால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அப்பாவின் சோற்றை நான்தான் தின்றேன் என்று, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் போனது. ஒவ்வொரு நாளும் அவன் விழுங்கினான். பின்னாலேயே அந்தச் சத்தமும் வந்தது. வரவர அதன் பலம் குறைந்துகொண்டே போனது.

அந்தியேட்டிக்கு முதல் நாள் மாலை. விளக்கு வைக்கிற நேரம். இன்றைக்கு விட்டால் இல்லை என்று நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வெளியே மழை. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சோறும் கறியும் போட்ட தட்டு, கை வைக்காமல் இருந்தது. எதிரே அப்பாவின் நாற்காலி. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சாப்பிடல?"

"எப்பிடித் தம்பி சாப்பிடுறது?" அம்மா அந்த நாற்காலியைக் கையால் காட்டினார். "மூண்டு நாளா அப்பா வந்து இதில இருக்கிறார். வாயைத் திறந்து திறந்து காட்டுறார். பசியெண்டு சொல்லுறார் போல... நீ அண்டைக்குச் சந்தியில வைச்சனீதானே?"

இதைச் சொல்லத்தானே வந்தான்? அம்மாவே கேட்டும்விட்டார். வாயைத் திறந்தால் போதும். ஆனால் அந்த முகம்... அவனை நம்பிக்கொண்டிருக்கிற அந்த முகம்.

"வெச்சேன்மா" என்றான்.

"எல்லாம் வைச்சனீ?"

"எல்லாத்தையும் வெச்சேன்."

அம்மா அவனைப் பார்த்தார். முகம் தெளிந்தது. நாற்காலி பக்கம் திரும்பி, இத்தனை வருடம் கணவரை அதட்டிய அதே தொனியில் சொன்னார்.

"கேட்டீங்களோ? என்ர பிள்ளை பொய் சொல்லாது. நீங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்து இருக்கிறீங்கள். சும்மா பிள்ளையை ஆக்கினைப்படுத்தாமப் போங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு அந்த நாற்காலி மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது. தரையில் தேய்கிற சத்தம்... ஒரு காலை இழுத்து நடக்கிற செருப்புச் சத்தம். அது ஸ்ரீகரனின் பக்கத்தில் வந்து நின்றது. அவன் வலது கை தானாக மேலே தூக்கிக்கொண்டது. யாரோ பிடித்து உயர்த்துகிற மாதிரி. விரல் நுனிகளில் மூச்சுக் காற்று பட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை, நிதானமாக... அப்புறம் அந்தப் பிடி விட்டது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி மழைக்குள் போனது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "ஆறுது, நீ சாப்பிடு."

ஸ்ரீகரன் உட்கார்ந்தான். பிசைந்தான். ஒரு வாய் போட்டு விழுங்கிவிட்டுக் காத்திருந்தான். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அவன் அந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டான். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுக்கு வயிறு நிறைந்தது.