மடக்கு ஏணியின் லாக் பின்

சனிக்கிழமை வகுப்புக்கு நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை, ஐயா. வருகைப் பதிவேட்டை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேலையில் இருப்பவர்களுக்கென்று பல்கலைக்கழகம் நடத்தும் பொருள் வடிவமைப்புப் படிப்பு அது. மாமனார் தன் ஏணிக் கம்பெனியிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார். மூத்த மருமகன் நான். இளையவன் என் சகலை. யாருடைய ஏணி தேறுகிறதோ அவருக்கே வடிவமைப்புப் பிரிவு என்று சொல்லியிருந்தார்.

நான் அங்கே பதினான்கு வருடமாக மாடு மாதிரி உழைத்தவன். அவன் நேற்று வந்தவன். ஆனால் அவன் எதை வரைந்தாலும் பேராசிரியை வகுப்பையே கூப்பிட்டுக் காட்டுவார். என்னுடையதைப் பார்த்து, "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்பார். பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மாதிரி செய்வோம். ஒன்று பார்வைக்கு. அதில் எல்லாமே பிளாஸ்டிக், மேலே சாம்பல் பூச்சு. இன்னொன்று ஏறிப் பார்ப்பதற்கு, எஃகில் செய்தது. சகலையின் மடக்கு ஏணிக்கும் அப்படித்தான். சோதனை நாளன்று இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். விரித்த ஏணி மடங்காமல் பிடிப்பது லாக் பின். பார்வை மாதிரியின் பிளாஸ்டிக் பின்னைக் கழற்றி, ஏறும் மாதிரியில் எஃகுப் பின்னுக்குப் பதிலாக மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. கூட இருந்தே குழி பறித்தவன் என்று நாளை சொல்வார்கள். நான் எந்தக் குழியும் பறிக்கவில்லை.

நான் கல்நெஞ்சக்காரனும் இல்லை. சோதனையைப் பார்க்க வந்த மாமனார், "முதல்ல நானே ஏறுறேன்" என்று ஷூவைக் கழற்றினார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"வேணாம் மாமா. செஞ்சவங்கதான் முதல்ல ஏறணும். அதான் இங்க வழக்கம்."

"அண்ணன் சொல்றது சரிதான் மாமா" என்று சிரித்துக்கொண்டே சகலை ஏறினான். ஐந்தாவது படியில் நின்று எனக்குக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

இனி அவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாதாம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் பழச்சாறு கொண்டுபோனது நான்தான். வடிவமைப்புப் பிரிவு எனக்கே வந்தது. அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

போன வாரம் வகுப்பே திரண்டு அவனைப் பார்க்கப் போனோம். படுத்தபடியே அவன் சொன்னான்: "யார் மேலயும் சந்தேகப்படாதீங்க மேடம். அவசரத்துல நான்தான் பின்னை மாத்திப் போட்டிருப்பேன். என் தப்புதான்."

"தன் தப்பை இப்படி ஒத்துக்கிறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும்" என்றார் பேராசிரியை. வகுப்பு கைதட்டியது. மாமனார் அவன் தலையைத் தடவியபடி அழுதார். என் தலையை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். நேரம் பார்த்து, நிறம் பார்த்து, ஒரு கீறல் விழாமல் மாற்றியது நான். அது கைத்தவறு அல்ல, ஐயா. அவ்வளவு சுத்தமாக அவனுக்கு வேலை வராது. அதையாவது என் பெயரில் எழுதுங்கள்.