சேற்றின் மேல் போட்ட தையல்

"படுங்க! கீழ படுங்க!"

வரம்போடு ஒட்டி விழுகிறேன். வாய் நிறையச் சேறு. விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் நீண்டு வருகிறது. பிறகு அடி. நிலம் தூக்கிப் போடுகிறது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. நாவிதன்வெளியில் எங்கள் வயல். மூன்றாவது ஷெல் எங்கள் வக்கடையில், வரம்பில் தண்ணீர் பாயும் வாயில், விழுந்தது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது.

என் கணவர் அங்கேதான் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளந்து கிடந்தது. எலும்பு தெரிந்தது. சதைக்குள் சேறு, நாற்று, சாரத் துணி. முக்காட்டைக் கிழித்துக் கட்டினேன். உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, கிட்டங்கி ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரே ஒரு டாக்டர். தமிழ் ஆள். தூக்கமில்லாத கண். ஒரு மணித்தியாலம் காயத்தைக் கழுவினார். போத்தல் போத்தலாகச் சேலைன் ஊற்றினார். செத்த சதையை வெட்டி எடுத்தார். ஊசி போட்டார். துணியால் தளர்வாகச் சுற்றினார். தைக்கவில்லை.

"மூடினா உள்ளுக்க அழுகும், தங்கச்சி. திறந்தே கிடக்கட்டும். வியாழக்கிழமை திரும்பக் கழுவணும்."

ஓம் என்றேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரிப் பக்கமும் ஷெல் விழுகிறது. "வெளிய ஓடுங்க!" அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். நற்பிட்டிமுனைப் பள்ளிவாசலில் ஒதுங்கினோம்.

அந்த நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்கு ஒருவர் போகப் பயந்தோம். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்து மையித்து விழுந்திருந்தது. பள்ளிவாசலில் பெண்கள் காயத்தைப் பார்த்தார்கள்.

"எங்கட ஆக்கள் எண்டுதான் தைக்காம உட்டிரிக்கான்," என்றாள் ஒருத்தி.

நான் நம்பினேன். நம்ப ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் குனிந்து கழுவிய மனிதரை மறந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் தையல்காரி. பெருநாள் உடுப்புக்கு ஊரே என்னிடம்தான் வரும்.

புதன்கிழமை, பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். ஈ மொய்க்கிறது. "நீயே தைச்சிடு புள்ள. இதப் பாத்துட்டுக் கிடக்க ஏலா," என்றார் என் கணவர். ஊசியை அவித்தேன். நூலையும் அவித்தேன். அவர் துவாயைக் கடித்துக்கொண்டார். இருபத்திரண்டு தையல். அவ்வளவு நேராக நான் வாழ்நாளில் தைத்ததில்லை. பெண்கள் மெச்சினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வியாழக்கிழமை ரோட்டு பூட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. காய்ச்சல்.

வெள்ளிக்கிழமை காலை கால் வீங்கிப் பளபளக்கிறது. தோல் செம்பு நிறம். நாற்றம். விரலால் அமுக்குகிறேன். உள்ளே நொறுநொறுவென்று ஒரு சத்தம். ஷெல் சத்தம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது ரோட்டைத் திறந்தார்கள். ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். நூலை வெட்டினார். நுரையோடு பழுப்புத் தண்ணீர் வந்தது.

"இது ஆர் தைச்சது?"

"நான்தான்."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "மூடாதீங்க எண்டு சொன்னனே, தங்கச்சி." தொடையோடு காலை எடுத்தார். பிந்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு என் கணவர் மவுத்தானார். கடைசிவரை அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாசிக்கிறவர்களே, சேறு புகுந்த காயத்தை மூடாதீர்கள். கழுவத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அவர் யாருடைய ஆள் என்று பார்க்காதீர்கள்.

இழந்ததைச் சொல்கிறேன். ஒரு கால். வெள்ளைத் துணியில் சுற்றி, வெள்ளிக்கிழமை மையவாடியில் தனியாக அடக்கினார்கள். என் கணவர், வயது முப்பத்தொன்று. இரண்டு நாள் கழித்து, அந்தக் குழிக்குப் பக்கத்தில். வயிற்றில் இருந்த மகளுக்கு வாப்பா.

அந்த டாக்டர் அடுத்த மாதம் வேலைக்கு வரும் வழியில் காணாமல் போனார். யார் பிடித்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. போரில் எத்தனை பேரை இழந்தாய் என்று கேட்பார்கள். இரண்டு பேர் என்றுதான் சொல்வேன்.