கராஜ் அறைக்குக் காற்று

தனோஜன்: இல்லை அக்கா, அந்த வழி சரிவராது. ஏணியில ஏறி ஒருக்காப் பாருங்கோ. கூரைக்குள்ள, சூடும் குளிரும் குடுக்கிற உங்கட ஏசிக் குழாய் எல்லாம் தெரியும். கராஜுக்குக் கிட்டக் கிடக்கிறது உங்கட மகளின்ர அறைக்குப் போற குழாய்தான். அதில ஒரு கிளை எடுத்தா இண்டைக்கே முடிச்சிடுவன்.

சிவாஜினி: அதில வேண்டாம் தம்பி. ஹோலுக்குப் போறதில எடுங்கோ.

தனோஜன்: ஹோல் அங்கால தொங்கலில இருக்கு. அங்கயிருந்து இழுக்கிறதெண்டா பன்னிரண்டு மீற்றர். காத்து வந்து சேரேக்க சூடே இராது.

சிவாஜினி: வாறது வரட்டும்.

தனோஜன்: சிட்னியில இந்தக் குவேக்கர்ஸ் ஹில் குளிர் தெரியும்தானே... கராஜை அறையாக்கினாலும் கீழ கொங்கிறீற். ஜூலையில கால் வைக்கேலாது. ஏன், தனியா ஒரு ஏசியைச் சுவரில பூட்டுங்கோவன்? இந்தச் சோலியே இல்லை.

சிவாஜினி: வீடு விக்கேக்க எல்லா அறைக்கும் ஒரே ஏசி எண்டாத்தான்...

தனோஜன்: விக்கப் போறியளோ? போன மாசம்தானே அறை கட்டி முடிச்சனீங்கள்!

சிவாஜினி: சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். நீங்கள் அளவை எடுங்கோ.

தனோஜன்: அளவு எடுக்கிறதுக்குத்தான் கேக்கிறன். ஆர் பாவிக்கிற அறை? படுக்கவோ, வேலைக்கோ?

சிவாஜினி: வேலைக்கு. இவர் வீட்டில இருந்து வேலை செய்யிறவர்.

தனோஜன்: அப்ப பகலில ஓடினாக் காணும்.

சிவாஜினி: இரவிலயும் ஓடவேணும்.

தனோஜன்: இரவிலயும் வேலையோ? பாவம் அண்ணை.

சிவாஜினி: லண்டன் ஆக்களோட மீற்றிங் வரும்...

தனோஜன்: ம்... அப்ப அந்தக் கட்டில்?

சிவாஜினி: எந்தக் கட்டில்?

தனோஜன்: அக்கா, நான் இப்ப அதில முட்டித்தானே ஏணியை வைச்சிருக்கிறன்! தலகணி, போர்வை, ஆஸ்மா பம்ப் எல்லாம் கிடக்கு. மறைக்காதேங்கோ. காத்து வாற வென்ட் எங்க வைக்கிறதெண்டு பாக்கவேணும். படுக்கிற ஆளின்ர முகத்தில நேர காத்து அடிக்கக்கூடாது.

சிவாஜினி: ...அவர் அங்க படுக்கிறவர்தான். குறட்டை. எனக்கு நித்திரை இல்லை.

தனோஜன்: குறட்டைக்கு ஒரு அறையே கட்டினனீங்களோ! என்ர மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்கே என்னைக் கலைச்சுப்போடுவா.

சிவாஜினி: சிரிக்காம வேலையைப் பாருங்கோ.

தனோஜன்: பாக்கிறன், பாக்கிறன். மகளின்ர குழாயில எடுத்தா குறட்டைச் சத்தம் குழாயால போய்க் கொஞ்சம் அவவுக்குக் கேக்கும், உண்மைதான். அதுக்குத்தானே வேண்டாம் எண்டுறியள்? உள்ளுக்குப் பஞ்சு வைச்ச குழாய் இருக்கு. போட்டா சத்தம் பாதி குறையும்.

சிவாஜினி: பாதி குறைஞ்சாக் காணாது.

தனோஜன்: குறட்டைதானே அக்கா? அவ்வளவு சத்தமோ?

சிவாஜினி: குறட்டை இல்லைத் தம்பி.

தனோஜன்: அப்ப?

சிவாஜினி: கதைக்கிறது. லோயரோட. ...என்ன, இறங்கி வாறியள்?

தனோஜன்: தண்ணி ஒரு வாய் குடிப்பம் எண்டு...

சிவாஜினி: குசினியில போத்தில் கிடக்கு, எடுங்கோ. ...இவரும் நானும் பிரிஞ்சிட்டம். ஒரே வீட்டுக்குள்ளதான். மாசி மாசத்தில இருந்து. சண்டை ஒண்டும் இல்லை. ரெண்டு பேருக்கும் கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் போச்சுது, அவ்வளவுதான்.

தனோஜன்: மன்னிக்கோணும் அக்கா. நான் தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கக்கூடாது.

சிவாஜினி: நீங்கள் எங்க கேட்டனீங்கள். நான்தான் சொன்னனான். பிள்ளைக்கு இந்த வருசம் பன்னிரண்டாம் வகுப்பு, எச்.எஸ்.சி. சோதினை முடியுமட்டும் அவவுக்குத் தெரியக்கூடாது எண்டு ரெண்டு பேருமா முடிவெடுத்தனாங்கள். அவவுக்குச் சொன்னதுதான் அந்தக் குறட்டைக் கதை.

தனோஜன்: நம்பினவவோ?

சிவாஜினி: ஓம். ஒண்டும் கேக்கேல்லை. காதில ஹெட்ஃபோனை மாட்டினபடி படிப்பா, சாப்பிடுவா, படுப்பா.

தனோஜன்: இந்தச் சூடாக்கிற வேலை... அண்ணைதான் கேட்டவரோ?

சிவாஜினி: அவர் வேண்டாம் எண்டவர். சின்ன ஹீற்றர் ஒண்டு காணுமாம். ஆஸ்மாக்காரனைக் குளிருக்குள்ள போட்டு வைக்கேலாதே. பிரிஞ்சது வேற, இது வேற.

தனோஜன்: ஓம்... விளங்குது. சரி அக்கா, ஹோல் பக்கமே இழுப்பம். சூடு குறையாமத் தடிச்ச குழாயாப் போட்டுப் பாக்கிறன்.

அக்ஷரா: அம்மா! ஆரின்ர வான் அது வாசல்ல? காரை விட இடமில்லை எண்டு, கூட்டிக்கொண்டு வந்த சந்திரகலா அன்ரி என்னை ரோட்டில இறக்கிவிட்டிட்டுப் போறா.

சிவாஜினி: நீ என்ன இந்த நேரத்தில? ரியூஷன் மூண்டு மணிக்குத்தானே முடியும்?

அக்ஷரா: ரியூஷன் நடக்கிற இடத்தில, வென்ட்வேர்த்வில்ல, கரண்ட் இல்லை. அனுப்பிவிட்டிட்டினம். ஹாய் அங்கிள்.

தனோஜன்: அங்கிளோ! அண்ணா எண்டு சொல்லும். தலை கொஞ்சம் நரைச்சது கூரைத் தூசியால.

அக்ஷரா: ஓகே அண்ணா. அப்பாவின்ர அறைக்கு ஹீற்றிங் போடுறீங்களா? ஃபைனலி!

சிவாஜினி: நீ உள்ள போய் உடுப்பை மாத்து.

அக்ஷரா: ஏன் அங்க நிண்டு அளக்கிறீங்க? அது ஹோல். என்ர அறைதானே கராஜுக்குப் பக்கத்தில?

தனோஜன்: அது வந்து... அம்மா...

சிவாஜினி: உன்ர அறையில எடுத்தாச் சத்தம் வரும் பிள்ளை. உனக்குப் படிக்க ஏலாமல் இருக்கும்.

அக்ஷரா: என்ன சத்தம்?

சிவாஜினி: அப்பாவின்ர குறட்டை.

அக்ஷரா: அம்மா, அப்பா குறட்டை விடுறதில்லை. நீங்கதான் விடுறனீங்க.

தனோஜன்: ...நான் வானுக்குள்ள ஒரு சாமான் எடுத்துக்கொண்டு வாறன்.

அக்ஷரா: இல்லை அண்ணா, நில்லுங்கோ. என்ர அறை லைன்லயே எடுங்கோ. சத்தம் ஒண்டும் வராது. லோயர் கோல் வந்தா அப்பா வெளியில போய்க் காருக்குள்ள இருந்துதான் கதைப்பார்.

சிவாஜினி: லோயரோ?

அக்ஷரா: நான்தான் அப்பாட்டச் சொன்னனான், வீட்டுக்குள்ள கதைக்காதேங்கோ, அம்மாவுக்குக் கேக்கும் எண்டு.

சிவாஜினி: உனக்கு... எப்ப இருந்து தெரியும்?

அக்ஷரா: மார்ச். மேசையில லோயரின்ர லெட்டர் கிடந்தது. அப்பாட்டக் கேட்டன்.

சிவாஜினி: அவர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!

அக்ஷரா: நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா நீங்கள் ஒழுங்காச் சாப்பிடமாட்டீங்கள், வேலைக்குப் போகமாட்டீங்கள். சோதினை முடியுமட்டும் அம்மாவுக்குத் தெரியக்கூடாது எண்டு அப்பாவும் நானுமா முடிவெடுத்தனாங்கள்.