அக்காவின் மருந்துக்கு ஓர் இடம்

முதலில் ஒரு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் மேசை டிராயர் சரியாக மூடாமல் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, தள்ளி மூடினீர்களே, அதற்கு. டிராயர் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் எனக்குப் பேச்சு ஓடாது. இது என்ன குணம் என்று அக்காவிடம் கேட்டால், "குணமா? வியாதிடீ இது" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

வீடியோவை முழுவதும் பார்த்துவிட்டதாகச் சொன்னீர்கள். நடந்தது அதில் இருக்கிறது. ஏன் நடந்தது என்பது அதில் இல்லை. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்ல வரும். நடுவில் வெட்டிக் கேட்காதீர்கள்.

காலையில் நான் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் சுத்தம் செய்து, தட்டில் அடுக்கி, டாக்டர் பக்கத்தில் நிற்பது என் வேலை. வேலை நடக்கும்போது டாக்டர் பேசமாட்டார். தலையைக்கூடத் தூக்கமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். எது வேண்டும் என்று எனக்குத் தெரியும்; அது அவர் கையில் இருக்கும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் கை வெறுமனே காத்திருந்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் வீட்டில் வீடியோ எடுப்பேன். வீடு அடுக்குகிற வீடியோ. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டைக் கத்தரித்துப் பருப்பைக் கண்ணாடி ஜாடியில் கொட்டுவது, துண்டுகளை ஒரே அளவில் மடித்துச் செருகுவது, ஃபிரிஜ்ஜில் முட்டைக்கு வரிசை பிடிப்பது. இப்போது ஊர் உலகமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் வீடியோவில் முகம் வராது. சாம்பல் நிற ஏப்ரன், இரண்டு கைகள், அவ்வளவுதான். பேச்சும் கிடையாது. பருப்பு விழும் சத்தம், மூடி டக்கென்று உட்காரும் சத்தம். அதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதனால் கேமரா ஓடும்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். யாரும் என்றால் அக்காதான். அம்மா விட்டுப்போன அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்கா ஒரு துணிக்கடையில் தையல்காரி. வாங்குகிறவர்களுக்கு அங்கேயே அளவு பிடித்துக் கொடுப்பாள், கால் நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைச் சுருக்குவாள். சாயங்காலம் வரும்போது பாதிக் கடையை உடம்பில் ஒட்டிக்கொண்டு வருவாள். சோபாவில் நூல், சீப்பில் நூல், ஒருநாள் என் டீயில் நூல். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள். இத்தனைக்கும் துணித் தூசி அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வேறு வேலை பார் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "துணியை விட்டுட்டு நான் என்னடீ பண்ண? உன் டப்பாவைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று கேட்பாள். எதைச் சொன்னாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவாள். நான் துடைத்து முடித்த மேசையில் கத்தரிக்கோலை வைப்பாள். எடுக்கச் சொன்னால் எடுப்பாள். எடுத்து நாற்காலியில் வைப்பாள்.

அவள் கெட்டவள் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அம்மா போனபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. என்னை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். எனக்காகத்தான் கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக் கழித்தாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. நான் அப்போது பெரிய அழுத்தக்காரி. வேண்டியதைக் கேட்கமாட்டேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன். அக்கா மிட்டாயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாயைத் திறந்து கேளுடீ, குடுக்கிறேன்" என்பாள். கேட்கிறவரை தரமாட்டாள். கேட்டுவிட்டால் அவள் பங்கையும் சேர்த்துத் தருவாள்.

இழுப்புக்கு அவள் இன்ஹேலர் வைத்திருந்தாள். ஒன்று இரண்டு என்றால் நான் ஏன் பேசப்போகிறேன்? பழக்கூடையில் ஒன்று, தையல் மெஷினுக்குக் கீழே ஒன்று, டிவி பக்கத்தில் ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று. கடையில் மிஞ்சும் பூப்போட்ட துணியில் சின்னச் சின்னச் சுருக்குப்பை தைத்து, ஆணி கண்ட இடத்திலெல்லாம் மாட்டிவிடுவாள். "இழுப்பு எங்க வருதோ அங்க மருந்து இருக்கணும்டீ. அது சொல்லிட்டா வருது?" என்பது அவள் நியாயம். என் நியாயத்தையும் கேளுங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, நடுவில் மஞ்சள் பூவும் பச்சை இலையுமாக ஒரு பை தொங்குகிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுதான் வந்து முன்னால் நிற்கும்.

ஒருமுறை நான் பருப்பு கொட்டிக்கொண்டிருந்தபோது அக்கா டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எதையோ முணுமுணுவென்று பாடினாள். "பருப்புக்கு வந்த வாழ்வைப் பாரு. நமக்கு யாராவது ஒரு ஜாடி வாங்கிக் குடுத்தாங்களா?" என்றாள். வெட்ட மறந்து அப்படியே போட்டுவிட்டேன். நான் போட்ட வீடியோக்களில் அது ஓடியதுபோல் எதுவும் ஓடவில்லை. 'பின்னாடி பேசுற அக்கா யாரு?' 'அக்காவைக் காட்டுங்க.' 'அந்தப் பூப்பை எங்க வாங்கினீங்க?' ஜாடியைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. அக்கா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

ஆனாலும் நான் சண்டை போடவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் பேசினேன். ஒரு பொருளுக்கு ஓர் இடம், ஒரே பொருள் இரண்டு வேண்டாம். வீடு அடுக்குகிற எல்லாரும் சொல்கிற முதல் பாடம் இதுதான். அலமாரி நிறைய ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்கள் வாங்கியிருந்தேன். அதில் ஒன்று உன் மருந்துக்கு என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, உன் இஷ்டம். பேரை மட்டும் பெருசா எழுதி ஒட்டிடு. இழுப்பு வந்தா எனக்குக் கண்ணு இருட்டும்."

எழுதி ஒட்டினேன். அவள் சொன்னபடி பெரிதாகவே எழுதினேன். ஓர் இன்ஹேலரை டப்பாவில் வைத்தேன், ஒன்றை அவள் கைப்பையில் விட்டேன், மற்றதையெல்லாம் மருத்துவமனைக் கழிவோடு சேர்த்து முறைப்படி அப்புறப்படுத்தினேன். கொஞ்ச நாள் சரியாகப் போயிற்று. பிறகு பார்க்கிறவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்: பெயர் ஒட்டினால் மருந்துக்கடை மாதிரி இருக்கிறது, இப்போது யாரும் ஒட்டுவதில்லை, வெறும் வெள்ளைதான் அழகு என்று. அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. எல்லாவற்றையும் பிய்த்து, பசையை எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த வேலை. அக்கா வந்து பார்த்துவிட்டு, "எதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பழகினால் தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்ததே. அவள் பழகவே இல்லை. பொத்தான் எடுக்கப் போய்ப் பல்பை எடுப்பாள். ஒருநாள் மருந்து டப்பாவின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. கத்தரித்துவிட்டேன். மறுபடி கட்டினாள். மறுபடி கத்தரித்தேன். அப்புறம் கட்டவில்லை. ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியில்தான் அவள் மண்ணைப் போட்டாள். நீங்கள் கேட்கிற அந்த நாள் எனக்கு மருத்துவமனை விடுமுறை. முழு அலமாரியையும் ஒரே வீடியோவில் எடுப்பதாக இருந்தேன். காலையில் துவைக்கலாம் என்று ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றினேன். பின்னால் ஓர் ஆணியில் சுருக்குப்பை தொங்கியது. பூப்போட்டது இல்லை, வெள்ளை. திரைச்சீலையின் அதே வெள்ளையைத் தேடிப் பிடித்துத் தைத்திருந்தாள். என் வீடியோவில் தெரியக்கூடாது என்று அப்படித் தைத்திருக்கலாம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கண்ணில் மண்ணைத் தூவத்தான் தைத்திருக்கிறாள் என்று தோன்றியது. எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா அந்த வீட்டுக்காக? நேருக்கு நேர் முடியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஆணி அடித்திருக்கிறாள். பையை ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வரட்டும், கேட்கிறேன் என்று இருந்தேன். துவைத்த திரையைத் திரும்ப மாட்டினேன். அலமாரி வரிசையையும் மாற்றினேன். உயரமான டப்பாக்கள் கீழே, சின்னவை மேலே. மருந்து டப்பா மேல் தட்டுக்குப் போயிற்று. அக்கா கடையில் இருந்தாள், அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் காட்சி. ஒவ்வொரு மூடியாக அழுத்திக்கொண்டு வருகிறேன். கதவு திறந்தது. கடையில் புதுச்சரக்கு இறக்கியிருக்கிறார்கள், ஒரே பஞ்சும் தூசியும். கைப்பையில் இருந்த இன்ஹேலர் வழியிலேயே தீர்ந்துவிட்டதாம். அது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் இழுப்பு எனக்குக் கேட்டது. அந்த விசில் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். அவள் அலமாரிக்கு வரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனாள். திரைக்குப் பின்னால் கையை விட்டாள். தடவினாள். மறுபடி தடவினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். என்னைக் குற்றம் சொல்கிற பார்வை. ஒளித்து வைத்தவள் அவள், பார்வை மட்டும் என் மேல். எனக்குள் அப்படியே கொதித்தது. நான் திரும்பி அடுத்த மூடியை அழுத்தினேன்.

பிறகு அலமாரிக்கு வந்தாள். டப்பாக்களை இழுத்து இழுத்துத் திறந்தாள். துணி மாட்டும் கிளிப், மெழுகுவத்தி, பேட்டரி. எல்லாம் தரையில். அவள் ஒன்றைக் கொட்ட, நான் அள்ளிப் போட்டு மூடி வைக்க, அவள் அடுத்ததை இழுக்க, இப்படியே போயிற்று. என் வீட்டில் எப்போதும் நடந்தது அதுதான், மேடம். அன்று கேமரா முன்னால் நடந்தது, அவ்வளவுதான். மேல் தட்டு அவளுக்கு எட்டவில்லை. எனக்கு எட்டும்.

கொஞ்ச நேரத்தில் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நிறம் மாறியிருந்தது. அப்போதுதான் அவள் கண் என் ஏப்ரன் பாக்கெட்டுக்குப் போனது. தையல்காரி இல்லையா, துணிக்குள் என்ன இருக்கிறது என்று வடிவத்தை வைத்தே தெரிந்துவிடும். கையை நீட்டினாள். விரல்களை விரித்து, உள்ளங்கையை மேலே வைத்து.

அவள் கை நீட்டியிருந்த நேரம் முழுவதும் என் வலது கை ஏன் பாக்கெட்டுக்குள் இருந்தது என்று கேட்டீர்கள். மருந்தின் மேல்தான் இருந்தது. சுருக்கை அவிழ்த்து, இன்ஹேலரின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் நான். பதற்றத்தில் செய்தாள், தெரியாமல் செய்தாள் என்றெல்லாம் எழுதவேண்டாம். தெரிந்து நின்றேன். அவள் கை கீழே விழும்வரை நின்றேன். பிறகு கொட்டிக்கிடந்ததை எடுத்து வைத்தேன், வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதே என்று. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன். நான் அப்படி மறக்கிறவள் இல்லை.

கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. "ஒளிச்சு வெச்சேன், தப்புதான், குடுடீ" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்புதான் என்றுகூட வேண்டாம், குடு என்றால் போதும். அதற்காகத்தான் காத்திருந்தேன். கேட்டால் கொடுக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். சட்டென்று கொடுத்திருப்பேன், மேடம். வாயைத் திறந்துதான் இருந்தாள். கடைசிவரை கேட்கத்தான் இல்லை.