ஆறிய காபி

காபியை ஆறவிட்டுக் குடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. என் அண்ணன் உலகநாதன் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு நாக்கு சூடு தாங்காது. ஆறவைத்து மேலாகக் குடித்துவிட்டு, அடியில் கால் டம்ளரை அண்ணிக்கு வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி திரௌபதி குடித்தது அந்த மிச்சத்தைத்தான். அடியில் நிற்கும் சர்க்கரையை விரலால் வழித்து நக்குவார்.

விருத்தாசலத்தில் நாங்கள் பீங்கான் பொம்மை செய்கிறோம். அண்ணன் அச்சில் வார்ப்பார், நான் பளபளப்புக்கான கிளேஸ் கலப்பேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் இருந்தார், போதும்.

தை மாதத்தில் அண்ணி சொன்னார்: "சூளைய மூடிட்டு சென்னையில மவ வூட்டோட போயிடலாங்க. தம்பி தனியா பொழச்சிக்கும்." அண்ணன் தலையாட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிளேஸில் ஓர் உப்பு போடுவோம். பெயர் வேண்டாம், நாலு பேர் கெட்டுப்போவார்கள். கொதிக்கும் தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் கரையும். ஆற ஆறத் தண்ணீரால் அதைத் தாங்க முடியாது, மணலாக அடியில் இறக்கிவிடும். மேலே கொஞ்சம்தான் தங்கும்.

அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டியிருந்தது. சூளையடியில் படுக்கும் நாய்க்கு மேல்தெளிவைப் பாலில் ஊற்றினேன். வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொண்டது. அதன் குட்டிக்கு அடிமண்டியை வைத்தேன். என் காலடியிலேயே செத்தது. பாசமான குட்டி.

அன்று காபி போட்டது நான். பொம்மை ஏற்ற வேப்பூரிலிருந்து லாரி வந்து நின்றதால் அண்ணனுக்கு அவசரம். சூட்டோடு குடித்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். நான்தான் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்து, ஆறிய பிறகு நீட்டினேன். குடித்துவிட்டு வழக்கம்போல அண்ணியிடம் தந்தார்.

"தம்பி இன்னிக்கி சர்க்கரைய தூக்கலா போட்டிருக்குது," என்று அண்ணி விரலை நக்கிக்கொண்டே சிரித்தார்.

பொழுது சாய்வதற்குள் அண்ணி போய்விட்டார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். நான்தான் கஞ்சி ஊட்டினேன். "என் எச்சில குடிச்சித்தான்டா செத்தா," என்று என் மடியில் படுத்து அழுதார். அவர் அப்படி என் மடியில் படுத்ததே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது அண்ணிக்கு டம்ளரை நீட்டியவர் என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள், ஐயா. அதற்குத்தான் வந்தேன். அவர் மனம் நோகும்படி நான் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை.